ஏரியில் மிதப்பது எந்தப் பாசி? நீலப்பசும்பாசியை இனங்காணத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோடையில் வற்றத் தொடங்கிய ஊர் ஏரியிலோ கோயில் தெப்பக்குளத்திலோ, காற்றில்லாத காலை நேரத்தில், பச்சைப் பெயின்ட்டை ஊற்றியதுபோல ஒரு படலம் மிதந்தால் அது நீலப்பசும்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அறிவியல் பெயர் சயனோபாக்டீரியா. பாசி என்று அழைத்தாலும் இது பாக்டீரியா. செல்லுக்குள் உட்கருவும் இல்லை, பசுங்கணிகமும் இல்லை. இவற்றில் சில கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கும், சில நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். பல வகைகளால் தொல்லையே இல்லை. எது எந்தப் பேரினம் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில், மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சு, 400 மடங்கு பெரிதாக்கும் கல்லூரி நுண்ணோக்கி ஆகியவையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பேரினம் வரையாவது போக வேண்டியது ஏன் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரைக்கு அப்பால் பாம் தீவு என்ற பழங்குடி மக்கள் வாழும் தீவு இருக்கிறது. 1979இல் அங்குள்ள சாலமன் அணைத் தண்ணீரில் வாடையும் சுவைக்கேடும் இருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். பாசியை அழிக்க அணையில் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் வாந்தியோடும் வீங்கிய கல்லீரலோடும் மருத்துவத்துக்கு வந்தார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள். அந்த அணை நீரில் இருந்தது சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ரேசிபோர்ஸ்கி என்னும் மெல்லிய இழைப்பாசி எனப் பின்னர் தெரியவந்தது. அது மேலே படலம் கட்டும் வகை அல்ல, நீருக்குள்ளேயே பரவி நிற்பது. மயில்துத்தம் செல்களை உடைத்ததும் உள்ளே இருந்த நச்சு முழுவதும் தண்ணீரில் கலந்துவிட்டது.

ஆகவே படலம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. பெயர் தெரியாமல் மருந்து போடவும் கூடாது. நான் இந்த வேலையில் இறங்குபவர்களிடம் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்.

கரைக்குப் போகும் முன்

ரப்பர் கையுறை போடுங்கள். படலத்துக்குள் இறங்காதீர்கள். முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூட வரும் நாயைக் கட்டிப்போடுங்கள். மேய்ச்சல் மாடுகள் அந்த ஓரத்தில் நீர் குடித்தால் உரியவரிடம் சொல்லுங்கள். 1878இல் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் படலத்தைக் குடித்த ஆடு, குதிரை, நாய், பன்றி ஆகியவை இறந்ததை நேச்சர் இதழில் எழுதினார். நீலப்பசும்பாசி நச்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவாகக் கருதப்படுவது அதுதான். கால்நடை சாவதுதான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துச் சொல்லுங்கள். மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு கொதிநீரில் அழியாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் பாசி பெருகியபோது டொலீடோ நகரத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

முதல் படி: இது நீலப்பசும்பாசிதானா?

நுண்ணோக்கிக்குப் போகும் முன் கண்ணாலேயே பாதியைக் கழித்துவிடலாம். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தலைமுடிபோல நீளமாகத் தொங்கினால் அது ஸ்பைரோகைரா போன்ற இழைப் பசும்பாசி. நீலப்பசும்பாசிப் படலம் தொங்காது, குச்சியில் பூச்சாக ஒட்டும். சிறுசிறு இலைகளும் அடியில் மெல்லிய வேரும் தெரிந்தால் அது மிதக்கும் செடி. அசோலாவை விவசாயிகள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். (அசோலாவின் இலைக் குழிக்குள் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ஒரு நீலப்பசும்பாசி குடியிருக்கிறது. அது வேறு கதை, நல்ல கதை.)

குழப்பம் தருவது யூக்ளினா. நம் ஊர்க் குளங்களில் அதன் படலம் நிழலில் பச்சையாகவும் உச்சி வெயிலில் செங்கல் நிறமாகவும் மாறும். ஒரே நாளில் நிறம் இப்படி மாறினால் யூக்ளினாவைச் சந்தேகியுங்கள்.

கரையோரம் அழுகத் தொடங்கிய படலத்தில் வானநீலமோ மயில்நீலமோ கசிந்திருந்தால் அது வலுவான சான்று. செல் உடையும்போது வெளிவரும் பைகோசயனின் என்ற நீல நிறமிதான் அது. பசும்பாசியிடமோ யூக்ளினாவிடமோ அந்த நிறமி கிடையாது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு உலர வைத்தாலும் சில வேளை ஓரத்தில் நீலம் படியும்.

அடுத்தது பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் எடுத்து, மூடி, ஓர் இரவு அசையாமல் குளிரான இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் உணவோடு சேராதபடி பைக்குள் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். காலையில் மேல் விளிம்பில் பச்சை வளையமாகத் திரண்டிருந்தால் நீலப்பசும்பாசியாக இருக்கலாம். அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் வேறு பாசி. இந்தச் சோதனை தனியாக எதையும் முடிவுசெய்யாது. நீந்தத் தெரிந்த யூக்ளினாவும் மேலே வரும். தரையில் விரிப்பாக வளரும் ஆசிலட்டோரியா போன்ற நீலப்பசும்பாசி அடியிலேயே கிடக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது சிரிஞ்சு சோதனை. மிதக்கும் நீலப்பசும்பாசியின் செல்லுக்குள் புரதச் சுவர் கொண்ட நுண்ணிய வாயுப் பைகள் நிறைந்திருக்கும். அவைதான் செல்லை மிதக்க வைக்கின்றன. திடீர் அழுத்தத்தில் அவை நசுங்கிவிடும். ஊசி இல்லாத 2 மில்லி அல்லது 5 மில்லி சிரிஞ்சில் பாசி கலந்த நீரைக் காற்றுக்குமிழ் இல்லாமல் இழுங்கள். முனையைக் கட்டைவிரலால் இறுக அடைத்து, முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, தண்டை முழு பலத்தோடு சட்டென்று அழுத்துங்கள். வெளிறிக் கலங்கலாக இருந்த நீர் தெளிந்து, பச்சை அடர்ந்து தெரியும். பிறகு அந்தச் செல்கள் மிதக்காமல் மெல்ல அடியில் இறங்கும். பெரிய சிரிஞ்சில் கை பலம் போதாது, அதனால்தான் சிறியது. 1895இல் கிளேபான் என்ற ஜெர்மானியர் பாட்டிலை நிரம்ப நிரப்பி, கார்க்கை அடைத்து, சுத்தியலால் தட்டி இதையே செய்து காட்டினார். பசும்பாசிக்கு இந்த வாயுப் பைகள் இல்லை. எனவே மாற்றம் தெரிந்தால் நீலப்பசும்பாசி என்று நம்பி அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: எங்கே, எப்போது மாதிரி எடுப்பது

காலையில், காற்று எழும்பும் முன் எடுங்கள். பகல் முழுக்க ஒளியில் கார்போஹைட்ரேட் சேர்த்து எடை கூடிய செல்கள் கொஞ்சம் கீழே இறங்கும், இரவில் அதைச் செலவழித்துவிட்டு மேலே வரும். மதியம் போனால் படலம் கலைந்திருக்கலாம். காற்று எந்தக் கரையை நோக்கித் தள்ளுகிறதோ அந்தக் கரையில் பாசி ஒதுங்கியிருக்கும்.

ஒதுங்கியதை மட்டும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். படலத்திலிருந்து ஒன்று, படலம் இல்லாத திறந்த நீரிலிருந்து ஒன்று, முடிந்தால் எடை கட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து இன்னொன்று. பாம் தீவில் நடந்ததை நினைத்தால் இந்த இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் என்று புரியும். திறந்த நீர் மாதிரியை வலையில் வடிகட்டி மட்டும் திருப்தி அடையக் கூடாது; மெல்லிய இழைகள் வலைக்கண் வழியே நழுவிவிடும். உயரமான அளவுச் சாடியில் ஊற்றி, சில சொட்டு லூகால் அயோடின் கரைசல் சேர்த்து, ஒரு நாள் அசையாமல் விடுங்கள். இளந்தேநீர் நிறம் வரும் அளவுக்கு அயோடின் போதும். எல்லாம் அடியில் படிந்ததும் மேல் நீரைக் குழாயால் மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டால் மிஞ்சும் கசடில் இழைகள் செறிந்திருக்கும்.

மூன்றாம் படி: நுண்ணோக்கியில்

முதலில் அயோடின் போடாத உயிருள்ள மாதிரியைப் பாருங்கள். ஒரு சொட்டு, ஒரு கவர்ஸ்லிப். 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் உறுதிசெய்யுங்கள். செல்லுக்குள் பச்சை நிறம் தனித்தனித் தட்டாகவோ பட்டையாகவோ இருந்தால் அது பசுங்கணிகம். பார்ப்பது நீலப்பசும்பாசி அல்ல. சிவப்புக் கண்புள்ளியோ துடிக்கும் சாட்டையோ தெரிந்தாலும் அப்படியே. நீலப்பசும்பாசியில் நிறம் செல் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். வாயுப் பைகள் நிறைந்த செல்கள் ஒளியைச் சிதறடித்து, கரும்பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புதியவர்கள் இதை அழுக்கு என்று தள்ளிவிடுவதுண்டு. குவியத்தை லேசாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், கறுப்பு பளிச்சென மாறும். அயோடின் சொட்டும் உதவும்: ஸ்டார்ச் சேமிக்கும் பசும்பாசி கருநீலமாகும், நீலப்பசும்பாசி பழுப்பாக மட்டும் மாறும்.

அளக்காமல் பெயர் வைக்காதீர்கள். கண்ணருகு லென்சின் மேல் 10எக்ஸ்/18 என்று எழுதியிருந்தால், அந்த 18ஐப் பொருளருகு லென்சின் மடங்கால் வகுத்தால் பார்வைப் புலத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 40 மடங்கு லென்சில் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரோமீட்டர். துல்லியமில்லை என்றாலும் தொடங்குவதற்குப் போதும்.

இப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: உருண்டைகள் கூட்டமாக இருக்கின்றனவா, இழையாகக் கோத்திருக்கின்றனவா?

கூட்டமாக இருந்தால் நம் குளங்களில் பெரும்பாலும் அது மைக்ரோசிஸ்டிஸ். 3 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைச் செல்கள், வடிவம் ஒழுங்கில்லாத கோழைக்குள் நூற்றுக்கணக்கில் புதைந்திருக்கும். கூட்டம் பெரிதாகும்போது வெறுங்கண்ணுக்கே பச்சை ரவையாகத் தெரியும். இந்தியன் இங்க் என்று விற்கும் கறுப்பு மையை ஒரு துளி சேர்த்தால் மை புகாத கோழையின் எல்லை வெள்ளையாகத் துலங்கும். அந்த எல்லை கோடு போட்டதுபோல் கூர்மையாக இருந்தால் மைக்ரோசிஸ்டிஸ் வெசன்பெர்கி. எல்லை மங்கி, கூட்டத்தில் ஓட்டைகள் விழுந்திருந்தால் மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா. மைக்ரோசிஸ்டிஸில் புதியவர் சிற்றினம் வரை போக நான் ஊக்குவிப்பது இந்த இரண்டை மட்டும்தான். மற்றவை கைதேர்ந்தவர்களையே திணற வைக்கும்.

இழை என்றால் இரண்டாவது கேள்வி: இழையில் ஹெட்டிரோசிஸ்ட் இருக்கிறதா? நைட்ரஜனை நிலைநிறுத்துவதற்கென்றே மாறிய செல் அது. மற்றவற்றைவிட வெளிறி, சுவர் தடித்து, உள்ளே கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பக்கத்துச் செல்லோடு சேரும் முனையில் பளபளக்கும் சிறு புள்ளி தெரியும். அது இழையின் நடுவிலா நுனியிலா என்பதை வைத்துப் பாதிப் பெயர் முடிவாகிவிடும்.

நடுவில் இருந்து, செல்கள் மணிமணியாக இருந்தால் டோலிகோஸ்பெர்மம். இழை நேராகவும் இருக்கும், சுருண்டும் இருக்கும். ஆங்காங்கே மற்றச் செல்களைவிடப் பெரிதாக, உள்ளே துகள் அடைந்த அகினீட் என்னும் உறக்கச் செல் காணப்படும். சிற்றினம் பிரிக்க அகினீட்டின் வடிவமும் அது ஹெட்டிரோசிஸ்ட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் வேண்டும், ஆகவே படம் எடுத்து வையுங்கள். இந்தப் பாசி பெருகிய நீரில் பலநேரம் முதல் மழையில் எழும் அதே மண்வாசனை வரும். இரண்டுக்கும் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரே வேதிப்பொருள்தான். வாசனை இருப்பதால் நச்சு இருக்கிறது என்றோ, இல்லாததால் நச்சு இல்லை என்றோ கொள்ள முடியாது.

நுனியில் இருந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். இழை மிக மெல்லியது, 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அகலம். நுனிச் செல் ஈட்டிமுனைபோலக் கூம்பி வெளிறியிருக்கும். நான் மேலே சொன்ன பாம் தீவுப் பாசி இதுதான். இன்று இதன் பெயர் ரபிடியாப்சிஸ் ரேசிபோர்ஸ்கி. 100 மடங்கில் இதைப் பார்த்தால் வெறும் கீறல்போல இருக்கும், கண்ணில் பட்டும் பதியாது. நீரில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் ஹெட்டிரோசிஸ்ட் உருவாகாமலே போகும். அப்போது இது வெறும் இழையாகத்தான் தெரியும். ஒரு ஸ்லைடில் இல்லை என்று விட்டுவிடாமல் பல இழைகளின் இரு நுனிகளையும் பார்க்க வேண்டும். கழிவுநீர் கலக்கும் நகர ஏரிகளில் இந்தப் பொறுமை மிகவும் தேவை.

ஹெட்டிரோசிஸ்ட் இல்லாத இழைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். நேராக, தனித்து, வாயுப் பைகளோடு மிதப்பது பிளாங்க்டோத்ரிக்ஸ். தட்டுத்தட்டாக அடுக்கிய, அகலத்தைவிட நீளம் குறைந்த செல்களோடு, கண்ணெதிரே வழுக்கி நகர்ந்துகொண்டே இருப்பது ஆசிலட்டோரியா. திருகுச் சுருளாக இருப்பது ஆர்த்ரோஸ்பைரா. சுருள்பாசி என்று மாத்திரையாக விற்பது இதைத்தான். சுருண்ட டோலிகோஸ்பெர்மத்தை இதோடு குழப்புவது எளிது: அதில் செல்களுக்கிடையே இடுக்கு ஆழமாக இருக்கும், ஆர்த்ரோஸ்பைராவில் குறுக்குச் சுவர் மங்கலாகத்தான் தெரியும். சத்துள்ள பாசி என்று நம்பி ஏரிப் படலத்தை யாரும் வாயில் வைக்க விடாதீர்கள். விற்பனைக்கு வருவது தொட்டியில் தனியாக வளர்த்தது.

பழைய பெயரும் புதிய பெயரும்

இந்தியாவில் இந்தத் துறையில் இறங்குபவர் கையில் முதலில் கிடைக்கும் நூல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய சயனோஃபைட்டா. படங்களுக்காகவும் அளவுகளுக்காகவும் அது இன்றும் பயன்படும், ஆனால் பெயர்கள் மாறிவிட்டன. அனபீனா என்று இருந்தவற்றில் வாயுப் பைகளோடு மிதப்பவற்றை 2009இல் டோலிகோஸ்பெர்மம் என்று பிரித்தார்கள். ரேசிபோர்ஸ்கியின் பயணம் இன்னும் நீளம்: 1912இல் ஜாவா ஏரியிலிருந்து அனபீனாவாக விவரிக்கப்பட்டது, 1972இல் சீனய்யா, சுப்பராஜு ஆகிய இரு இந்தியர்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கருத்தரங்கத் தொகுப்பில் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற பேரினத்தை அமைத்தார்கள், 2018இல் அது ரபிடியாப்சிஸோடு இணைக்கப்பட்டது. பழைய கட்டுரைகளைத் தேடும்போது எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள்.

நான்காம் படி: பேரினத்திலிருந்து நச்சுக்கு

இங்கேதான் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஒரே சிற்றினத்தில், ஒரே குளத்தில், நச்சு உண்டாக்கும் வகையும் உண்டாக்காத வகையும் கலந்து வாழும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேரினம் சொல்வது, எந்த நச்சைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்பதை. மைக்ரோசிஸ்டிஸும் பிளாங்க்டோத்ரிக்ஸும் என்றால் மைக்ரோசிஸ்டின். ரபிடியாப்சிஸ் என்றால் கல்லீரல் நச்சான சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினும் நரம்பு நச்சான சாக்ஸிடாக்சினும். டோலிகோஸ்பெர்மம் என்றால் மைக்ரோசிஸ்டினோடு நரம்பு நச்சான அனடாக்சினையும் சேர்த்துக் கேளுங்கள். மைக்ரோசிஸ்டினுக்கு மட்டும் சோதித்து, இல்லை என்று அறிக்கை வாங்கி, ரபிடியாப்சிஸ் நிறைந்த நீரைக் குடிக்க விடுவது நடக்கக் கூடாத ஒன்று.

அறிக்கையில் வரும் எண்ணை ஒப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் உதவும்: மைக்ரோசிஸ்டின் நீண்டகாலக் குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளிக்க நீந்த 24 மைக்ரோகிராம். சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினுக்கு முறையே 0.7, 6.

முடிவு வரும்வரை, படலம் கண்ட நீரில் நச்சு உண்டு என்று வைத்துக்கொண்டே நடங்கள். ஊரில் யாராவது மயில்துத்தம் தூவக் கிளம்பினால் தடுத்து, காரணத்தைச் சொல்லுங்கள். மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது நீரின் ஆக்சிஜனும் தீர்ந்து மீன்களும் மிதக்கும்.

எழுதி வைப்பதும் அனுப்புவதும்

குறிப்பேட்டில் நாள், நேரம், கரையின் எந்தப் பக்கம், காற்று எந்தத் திசை, நீரின் நிறம், படலமா திறந்த நீரா எவ்வளவு ஆழமா, செல் அகலம், எந்தச் சோதனையில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அதற்கு ஆதாரமான அடையாளத்தையும் எழுதுங்கள்: "நுனியில் கூம்பிய ஹெட்டிரோசிஸ்ட், எனவே ரபிடியாப்சிஸ்" என்பதுபோல. உறுதியில்லை என்றால் "ஹெட்டிரோசிஸ்ட் இல்லாத மெல்லிய இழை, பெயர் தெரியவில்லை" என்று எழுதுவது தவறான பெயரைவிட மேலானது. கைபேசிக் கேமராவைக் கண்ணருகு லென்சில் வைத்தே நல்ல படம் எடுக்கலாம். எந்த மடங்கு என்று கோப்பின் பெயரிலேயே சேருங்கள்.

கல்லூரித் தாவரவியல் துறைக்கோ மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பும்போது இரண்டு பாட்டில்களாக அனுப்புங்கள். லூகால் அயோடின் போட்டது பெயர் உறுதிசெய்ய. மாதக்கணக்கில் கெடாது, நிறம் வெளிறினால் இன்னும் சில சொட்டு விடலாம். இன்னொன்று எதுவும் சேர்க்காமல் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாதபடி சுற்றி, பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது. அயோடின் நச்சைச் சிதைத்துவிடும் என்பதால் முதல் பாட்டிலை நச்சுச் சோதனைக்குக் கொடுக்கக் கூடாது; மூடியின் மேலேயே அதை எழுதிவிடுங்கள்.